அம்மாவுக்கு 70 வயதில் புதுப் பாட்டு பிடிக்கிறது. எனக்கு 46இல் ஏன் நின்றுபோனது?

கரிசல்காட்டுப் பெண் (கேள்வி)

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொம்பில் போனைச் சாய்த்து வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. அறிவு எழுதி, தீயும் அவரும் பாடியது. அன்றைக்கு மட்டுமில்லை, மூன்று வாரமாகத் தினமும் அதுதான்.

"என்னம்மா, இதையே போட்டுட்டு இருக்கே?"

"இது நம்ம வயக்காட்டுச் சத்தம்டி. ஒப்பாரியில ஒரு இழுப்பு வரும்ல, அது இதுல இருக்கு."

அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்று நான் விளக்கப் போனேன். "அதான் கேக்குதே" என்றாள். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு 70 வயது. எனக்கு 46. கடைசியாக ஒரு புதுப் பாட்டு என்னைப் பிடித்து உலுக்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் அப்படி இல்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை என் காதே வேறு காதாக மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்பதைச் சொன்னால்தான் என் கேள்வி புரியும்.

ஊர் கோவில்பட்டி. வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டுவாள். தீப்பெட்டி ஆபீஸில் இருந்து சக்கையும் தாளும் வாங்கி வந்து, மாவுப் பசை காய்ச்சி, தரையில் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. தலைக்கு மேல் பலகையில் ரேடியோ. இலங்கை வானொலி எங்கள் பக்கம் நன்றாக எடுக்கும், திருநெல்வேலி வானொலியும் உண்டு. அம்மா கை ஓடுகிற வேகம் பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாறும். சுசீலா பாடுகிற மெதுவான பாட்டு வந்தால் பெட்டி குறையும், ஈஸ்வரி வந்தால் கூடும். எனக்கு ஐந்தாறு வயது. தாளம் என்ற சொல் தெரியாது. பசைக் கை தாளில் படுகிற சத்தம்தான் எனக்குத் தெரிந்த முதல் தாளம். அந்த வயதில் எனக்குப் பிடித்த பாட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. ரேடியோவைத் திருப்புகிற உரிமை அம்மாவுக்குத்தான். அவள் பாட்டுதான் என் பாட்டு.

நான் ஆறாவது படிக்கும்போது சித்தப்பா துபாயில் இருந்து ஒரு டூ இன் ஒன் கொண்டுவந்தார். அது அண்ணன் கைக்குப் போனது. பஜாரில் கேசட் பதிவு செய்து தருகிற கடை இருந்தது. பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் கிடைக்கும். 60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறோ ஏழோ பாட்டுப் பிடிக்கும். அண்ணன் எழுதுகிற பட்டியலில் கடைசி இரண்டு எனக்கு. அந்த இரண்டு பாட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் யோசிப்பேன். முழுக்க இளையராஜா காலம். ஆனால் அண்ணன் எழுதியவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு ஆண் குரல் பாட்டுகள் பிடிக்க ஆரம்பித்தன. அதுவரை பெண் குரலைத் தவிர வேறு எதுவும் காதில் ஏறாது.

1992 ஆகஸ்ட்டில் 'ரோஜா' வந்தது. எனக்கு 14 வயது. வீட்டு டூ இன் ஒன்னில் கேட்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை, இதை எங்கேயும் சொன்னதில்லை. பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியில் அதே பாட்டு ஓடியது. அடியில் இருந்து ஒரு அதிர்வு வந்து நெஞ்சில் தட்டியது. வீட்டுப் பெட்டிக்கு அந்தச் சத்தத்தைத் தர வழியில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டு என்றால் குரலும் மெட்டும் என்றிருந்தேன். சத்தமே ஒரு பொருள் என்று புரிந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பாளையங்கோட்டையில், கல்லூரி விடுதியில் நடந்தது. என் அறைத்தோழி நாகர்கோவில்காரி. சிஎஸ்ஐ சபை. பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண் குரல் பகுதியைப் பாடுவாள். ராத்திரி துணி மடிக்கும்போது பாமாலைப் பாட்டு ஒன்றை முனகுவாள், ஆனால் மெட்டு வேறு மாதிரி இருக்கும். "தப்பாப் பாடுறியே" என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீ மேல உள்ளதைப் பாடு, நான் என்னுடையதைப் பாடுறேன்" என்றாள். இரண்டும் சேர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை ஒரு பாட்டில் ஒரு மெட்டுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் முழுக்க அவள் பாடுவதன் அடியில் ஓடுகிற இரண்டாவது கோட்டைக் கேட்கப் பழகினேன். லீவுக்கு ஊருக்குப் போய் அண்ணனுடைய பழைய கேசட்டைப் போட்டால், நூறு தடவை கேட்ட அதே இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது! இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த ஒரு லீவில் என் வீட்டு அலமாரியில் இருந்த கேசட் எல்லாம் புதுக் கேசட் ஆகிவிட்டன.

பிறகு வேலை, சென்னை, மார்கழி மதியங்களில் டிக்கெட் இல்லாத கச்சேரிகள், கல்யாணம், மதுரை. இதையெல்லாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் முதல் ஸ்மார்ட்போன் வாங்கினேன். கணக்குப் பார்த்தால் என் காது நின்றுபோனதும் அதை ஒட்டித்தான். உலகத்துப் பாட்டெல்லாம் கையில் இருக்கிறது. ஆனால் ஆப் எனக்கு நீட்டுவதெல்லாம் நான் ஏற்கெனவே விரும்பிக் கேட்டதைப் போன்றவையே. அரை நிமிஷம் கேட்பேன், தள்ளிவிடுவேன்.

ஒரு ஆசையும் இருக்கிறது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் எங்கள் ஊரில் வாழ்ந்தவர். ஊரில் அவருக்குச் சிலை உண்டு. அதைத் தாண்டித் தாண்டி வளர்ந்தவள் நான். அவர் வாசித்த ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் பக்கத்தில் வந்தால் காதைப் பொத்துகிற பிள்ளையாக இருந்தேன். இப்போது போனில் போட்டுப் பார்த்தேன், இரண்டு நிமிஷத்துக்குமேல் முடியவில்லை. கூர்மையாகக் குத்துகிறது.

என் கேள்வி இதுதான். வளர்கிற வயதில் தானாக மாறிக்கொண்டிருந்த ரசனை ஒரு வயதுக்குமேல் நின்றுவிடுமா? நின்றதை யாராவது திரும்ப ஓட வைத்திருக்கிறீர்களா? எப்படி?

மைக்செட்

தங்கச்சி, உங்க எழுத்தைப் படிச்சிட்டு எங்க அப்பா ஞாபகம் வந்துட்டு. விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்துல மைக்செட் வச்சிருந்தாரு. எனக்கு இப்ப 61 வயசு. பத்து வயசுல இருந்து அவர் கூடப் போவேன். கல்யாண வீடு, காதுகுத்து, கோயில் கொடை. வேப்ப மரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டுறது பெரியவங்க வேலை. ரெக்கார்டு மாத்துறதும் ஊசி மாத்துறதும் என் வேலை.

எங்ககிட்ட 78 வேகத்துல ஓடுற பழைய தட்டு ஒரு பெட்டி நிறைய இருந்தது. ஒரு பக்கம் மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். இரும்பு ஊசி சீக்கிரம் மழுங்கும், மாத்தலேன்னா தட்டைக் கீறிடும். அதனால நான் பக்கத்தை விட்டு நகர முடியாது. முதல்ல சீர்காழியோட பிள்ளையார் பாட்டு. அப்புறம் எம்ஜிஆர் பாட்டு எத்தனை, சிவாஜி பாட்டு எத்தனைன்னு ஊர்ல ரெண்டு கட்சி, ரெண்டுக்கும் சமமாப் போடணும். எனக்குப் பிடிக்குதா பிடிக்கலையான்னு கேக்க ஆளே கிடையாது.

நான் சொல்ல வந்தது என்னன்னா, எனக்குத் துளியும் பிடிக்காத தட்டுக நாலஞ்சு இருந்தது. ஒண்ணு நாதஸ்வரத் தட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போடுறது. அதைத் தூக்கினாலே எனக்கு எரிச்சல். ஒரு முகூர்த்த மாசத்துல அதை முப்பது தடவையாவது போட்டிருப்பேன். அந்த மாசக் கடைசியில ஒரு நாள் சைக்கிள்ல போகும்போது என் வாய் அதைத்தான் முனகிட்டிருந்தது. எப்ப பிடிச்சுதுன்னே தெரியல. இன்னைக்கு வரைக்கும் அந்த நாலஞ்சு தட்டுதான் எனக்கு உசுரு. மொதல்லயே பிடிச்ச பாட்டெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

நீங்க அரை நிமிஷத்துல தள்ளிடுறேன்னு எழுதியிருக்கீங்க. அங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன். அண்ணன் கேசட்டுல பிடிக்காத பாட்டைத் தாண்டணும்னா பாஸ்ட் பார்வர்டு போட்டு, நிறுத்தி, பார்த்து, திரும்பவும் போடணும். அதுக்குப் பேசாம கேட்டுட்டே போயிடலாம்னு விட்டுடுவோம். அப்படி விட்டதுலதான் பாதிப் பாட்டு உள்ள வந்தது.

ஒண்ணு செய்யுங்க. ஏதாவது ஒரே ஒரு வாசிப்பை எடுத்துக்கிட்டு இருபது நாள் கேளுங்க. நல்லா இருக்கா இல்லையான்னு இருபதாவது நாள் வரைக்கும் முடிவு பண்ணாதீங்க. இன்னொண்ணு, அம்மாவுக்கு அந்தப் பாட்டை யார் மொதல்ல போட்டுக் காட்டுனாங்கன்னு கேட்டுப் பாருங்க. எழுபது வயசு மனுஷி தானா தேடிப் போயிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

அளவெட்டிப் பிள்ளை, ஸ்கார்பரோ

அக்கா, நான் கொஞ்சம் வேற மாதிரிச் சொல்லப்போறன். குறை நினைக்காதேங்கோ.

நான் யாழ்ப்பாணத்தில வளர்ந்தனான். 90க்குப் பிறகு எங்களுக்குக் கரண்ட் இல்லை. பற்றறியும் வர விடேல்லை. அப்ப பாட்டுக் கேக்கிறதெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயரைக் கொழுவி, பெடலை ஒராள் கையால சுத்த வேணும். எங்கட வீட்டில அண்ணா சுத்துவார். அவர் களைச்சால் கசற் இழுபடும். பாடுறவரின்ரை குரல் தடிச்சுத் தடிச்சுக் கீழ போகும். நாங்கள் "அண்ணா, அண்ணா" எண்டு கத்துவம். அவர் திரும்ப வேகமாச் சுத்துவார், குரல் ஏறும். எங்களிட்டை இருந்தது மூண்டு கசற். அதில பன்னிரண்டு பாட்டு எங்கள் எல்லாருக்கும் விருப்பம். மூண்டு கசற்றும் 95 ஒக்டோபர் இடப்பெயர்வோட போச்சுது.

கனடாவுக்கு வந்து இருபத்தி நாலு வருசம். அந்தப் பன்னிரண்டு பாட்டையும் இப்ப போனில வைச்சிருக்கிறன். துப்புரவான சத்தம். ஆனால் எனக்கு இண்டைக்கும் அந்த ஒரு பாட்டில ரெண்டாவது சரணத்தில குரல் கீழ இறங்க வேணும். இறங்காமல் போகேக்கை, அண்ணா அங்க இல்லை எண்டு தெரியும்.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில நடந்ததுகள்தான் பிற்காலத்தில கூட நினைவில நிக்கும் எண்டு உளவியல் படிச்ச ஆக்கள் சொல்லுகினம். பாட்டும் அப்பிடித்தானாம். எனக்கு அது சரியெண்டுதான் படுது. உங்கட ரசனை நிண்டுபோச்சுது எண்டு நீங்கள் கவலைப்படுறியள். நான் அப்பிடிப் பாக்கேல்லை. எனக்குப் புதுப் பாட்டு வேண்டாம். இந்தப் பன்னிரண்டையும் வைச்சிருக்கவே எனக்கு நிறைய இடம் தேவைப்படுது. பிள்ளையள் தங்கடை பாட்டைப் போடட்டும், நான் அதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டன். ஆனால் எனக்கு விருப்பம் வர வேணும் எண்டு என்னை வருத்தவும் மாட்டன்.

நாதஸ்வரத்தைப் பற்றி ஒண்டு. எங்கட ஊரே நாதஸ்வர ஊர். அப்பப்பா தவில் தட்சிணாமூர்த்தியைப் பற்றிக் கதைச்சால் கண் கலங்குவார். என்.கே. பத்மநாதன் வாசிக்கிற திருவிழாக்களுக்கு என்னையும் சைக்கிள் பாரில இருத்திக் கூட்டிக்கொண்டு போவார். நான் அங்க மண்ணில பாயைப் போட்டு நித்திரை கொண்டனான். விளங்கிக் கேட்டனான் எண்டு சொல்ல ஏலாது. ஆனால் இப்ப எங்கயாவது தூரத்தில அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நித்திரை வருது, நல்ல நித்திரை. அதுவும் ஒரு விதமாக் கேக்கிறதுதானே அக்கா.

வாய்ப்பாட்டு ஆசிரியை, தஞ்சாவூர்

கேள்வி கேட்ட சகோதரிக்கு வணக்கம். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் காது நின்றுவிடவில்லை என்று முதலில் உறுதியாகச் சொல்கிறேன். பேஸ் கிடாரைத் தனியாகப் பிரித்துக் கேட்ட காது எங்கும் போகாது.

நாதஸ்வரம் குத்துகிறது என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டீர்களா? உங்கள் 'ரோஜா' கதைதான் இங்கேயும். தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலை என்கிற ஒரு முகத்தில் விரல்களுக்குக் கூடு மாட்டி வாசிப்பார்கள். தொப்பி என்கிற மறு முகத்தில் கழியால் அடிப்பார்கள். அந்தத் தொப்பியின் அடிச்சத்தம் போனில் வரவே வராது. தரை இல்லாமல் கூரை மட்டும் நிற்கிற மாதிரி, நாதஸ்வரம் மட்டும் அந்தரத்தில் கிறீச்சிடும். தவிர, அது வீதிக்கும் பிரகாரத்துக்கும் செய்த வாத்தியம். சாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரியை விட்டுவிட்டு நீளமான பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தார். சுருதி இறங்கியது, நாதம் கனத்தது. அந்தக் கனம்தான் நரசிங்கம்பேட்டை ஆச்சாமரக் குழலின் அழகு. உள்ளங்கையில் வைத்துக் கேட்டால் அது எங்கிருந்து தெரியும்? நல்ல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நீங்கள் முப்பது நாற்பது அடி தள்ளிப் போய் உட்காருங்கள்.

இன்னொன்று, எடுத்த எடுப்பில் அரை மணி நேர ஆலாபனைக்குப் போக வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. என்னிடம் வருகிற பிள்ளைகள் பலருக்குச் சினிமாப் பாட்டு மட்டும்தான் தெரிந்திருக்கும். அதைக் குறையாக நான் என்றும் நினைத்ததில்லை. நான் அவர்களுக்கு ரீதிகௌளை ராகம் சொல்லிக் கொடுக்கிற விதத்தைச் சொல்கிறேன். 1977இல் 'கவிக்குயில்' படத்துக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை. 1999இல் 'முதல்வன்' படத்தின் 'அழகான ராட்சசியே' அதே ராகம். 2008இல் 'சுப்பிரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்' அதே ராகம். இளையராஜா, ரகுமான், ஜேம்ஸ் வசந்தன், மூன்று பேர், மூன்று காலம். மூன்றையும் அடுத்தடுத்துப் போடுவேன், ராகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். "மூணுலயும் ஒரே ஆள் ஒளிஞ்சிருக்கார், கண்டுபிடி" என்பேன். ரீதிகௌளை நேராக ஏறாது. ச-வில் இருந்து க-வுக்குப் போய், ரி-க்குத் திரும்பி, மறுபடி க, ம என்று வளைந்து ஏறும். வீட்டை விட்டுக் கிளம்பியவர் எதையோ மறந்து திரும்பி வந்து மறுபடி போகிற மாதிரி. மூன்றாவது தடவையில் ஏதாவது ஒரு பிள்ளையின் கை அந்த வளைவில் தானாக எழும். அதைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருடமாக வகுப்பு எடுக்கிறேன்.

உங்களுக்கு வாசல் உங்கள் ஊர்க்காரரிடமே இருக்கிறது. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் 'சிங்கார வேலனே தேவா'. ஆபேரி ராகம். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசித்தது. அம்மாவின் ரேடியோவில் நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். இந்தத் தடவை ஜானகியை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் கேளுங்கள், தோழியின் ஆல்ட்டோவைக் கேட்ட மாதிரி. குரல் ஒன்றைச் சொல்லி முடித்ததும் குழல் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பாருங்கள். அவர் 1964இல் காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த வாசிப்பு அது. அதன் பிறகு அவர் வாசித்த தோடி ராகத்துக்குப் போங்கள்.

அளவெட்டித் தங்கையின் பதிலைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. அவர் சொல்வதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் புதிதாகக் கேட்க ஆசைப்படுகிறார். ஆசை இருக்கிறவருக்கு வழி சொல்லத்தான் வேண்டும்.

கரிசல்காட்டுப் பெண்

மூன்று பேருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு, செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் அம்மா விஷயம். மைக்செட் அண்ணன் சொன்னபடி கேட்டேன். எதிர் வீட்டில் எட்டாவது படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டுக்கு ஆடப் பழகியிருக்கிறாள். அவள் வீட்டில் இடமில்லாததால் மத்தியானம் எங்கள் கூடத்தில் வந்து ஆடுவாளாம். போனில் பாட்டைப் போடுவதும், அவள் தப்பு விட்டால் நிறுத்தி மறுபடி முதலில் இருந்து போடுவதும் அம்மா வேலை. ஒரு மத்தியானத்துக்குப் பத்துத் தடவை. நான் ஆபீஸில் இருக்கும்போது என் வீட்டுக்குள் இதெல்லாம் நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. விழா முடிந்துவிட்டது, பிள்ளை இப்போது வருவதில்லை. பாட்டு அம்மாவிடம் தங்கிவிட்டது.

அந்தப் பிள்ளையின் அண்ணனிடம் ஒரு பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது, கேட்டு வாங்கினேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு, நான் மறு கோடியில் உட்கார்ந்தேன். முதலில் 'சிங்கார வேலனே'. ஆசிரியை சொன்னது போலக் குரலை விட்டுவிட்டுக் குழலை மட்டும் பிடிக்கப் பார்த்தேன். எவ்வளவு பழகிய பாட்டு! அதில் குழல் அவ்வளவு பணிவாக ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் மாடி ஏறி வந்தாள். "கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்குடி" என்றாள். பிறகு முட்டி வலிக்கிறது என்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாளில் இருந்து தோடி. தினமும் ராத்திரி எட்டரைக்கு, ஒரே வாசிப்பு. முதல் நாலு நாள் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மனசு ஆபீஸ் கணக்கில் இருந்தது. ஐந்தாவது நாள் மழை, கேட்கவில்லை. ஆறாவது நாள் ஒன்றைக் கவனித்தேன். ஒரே ஸ்வரத்தில் நீளமாக நிற்கிறார் என்று நினைத்த இடத்தில் அவர் நிற்கவே இல்லை. அந்த ஸ்வரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறார். தூளி ஆட்டுகிற வேகம். அதைக் கவனித்த பிறகு மற்ற இடங்களிலும் அந்த ஆட்டம் கேட்க ஆரம்பித்தது. எட்டாவது நாள் மாடிப்படி ஏறும்போதே அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். காத்திருந்து பாட்டுக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. ரேடியோவில் நமக்குப் பிடித்த பாட்டு வருமா வராதா என்று உட்கார்ந்திருப்போமே, அப்படி.

அளவெட்டித் தங்கச்சி, உங்கள் அண்ணன் சைக்கிள் பெடல் சுற்றியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் ஊர்ச் சொற்கள் சில அவளுக்குப் புரியவில்லை, விளக்கிச் சொன்னேன். குரல் இறங்குகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நீங்கள் புதிதாக எதையும் தேட வேண்டாம்.

இன்று பதினோராவது நாள். ஆசிரியை அம்மாவிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். ஆலாபனையில் அவர் மேலே ஏறி ஏறி உச்சி ஸ்வரத்தைத் தொடப் போகிறார் என்று நாம் நினைக்கிற நேரத்தில், தொடாமல் ஒரு கணம் நிறுத்துகிறார். அடியில் சுருதி மட்டும் ஓடுகிறது. அப்புறம்தான் தொடுகிறார். அங்கே அவர் மூச்சு எடுக்கிறாரா, இல்லை வேண்டுமென்றே நம்மைக் காக்க வைக்கிறாரா? மூன்று நாளாக அந்த இடத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று ராத்திரி கேட்பதற்குள் சொல்லிவிடாதீர்கள். நாளைக்குச் சொல்லுங்கள்.